ஒரு பூட் கோதுமைக்கு ஒரு துப்பாக்கி

ஒரு துப்பாக்கி, கூடவே 30 தோட்டா. விலை ஒரு பூட் கோதுமை. கோதுமை இல்லையென்றால் அதே எடைக்கு ரை தானியம். 1918இல், ரஷ்ய உள்நாட்டுப் போரின்போது, தெற்கு ரஷ்யாவில் டான் நதிக்கரைப் போர்க்குடிகளான டான் கொசாக்குகளும் ஜெர்மன் ராணுவமும் பேசி முடித்த கணக்கு இது. பூட் என்பது பழைய ரஷ்ய எடை, பதினாறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், விற்ற துப்பாக்கி ஜெர்மனியில் செய்ததே இல்லை. உக்ரைனைப் பிடித்தபோது ஜார் ராணுவத்தின் கிடங்குகளில் கேட்பாரற்றுக் கிடந்தது அது. ரஷ்யத் துப்பாக்கியை ரஷ்யக் கோதுமைக்கு ரஷ்யாவிலேயே விற்றுவிட்டார்கள். கொசாக் தரப்பில் பேரம் பேசியவர் பியோத்ர் நிகொலாயேவிச் கிராஸ்னோவ். டான் படையின் அத்தமான். அதாவது தளபதி, நாட்டுத் தலைவர் எல்லாம் அவர்தான்.

சோவியத் புத்தகங்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இவரைக் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம். டான் கொசாக்குகளைப் பற்றிய தன் பெரிய நாவலில் ஷோலகோவ், கிராஸ்னோவ் ஜெர்மன் கைசருக்கு எழுதிய கடிதத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். துரோகி என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, கடிதமே சொல்லிவிடும். என் மனதிலும் அந்தக் கடிதத்தோடு கிராஸ்னோவ் முடிந்துபோயிருந்தார். ஆனால் கடிதம் எழுதும்போது அவருக்கு வயது 48. அதன்பிறகு இன்னும் 28 வருஷம் உயிரோடு இருந்தார். பெரும்பகுதி வேற்று நாடுகளில். எனக்கு இப்போது அந்த 28 வருஷம்தான் முக்கியமாகப் படுகிறது.

கொசாக் வாழ்க்கையின் அடிப்படை ஒரு கொடுக்கல் வாங்கல். ஜாருக்குப் படைச் சேவை செய்ய வேண்டும். குதிரையும் வாளும் உடுப்பும் சொந்தச் செலவு. பதிலுக்கு நிலமும், தங்கள் ஊர்களைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமையும் உண்டு. கிராஸ்னோவின் குடும்பம் மேல் டான் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டது. கொள்ளுத்தாத்தா 1812இல் நெப்போலியனை எதிர்த்து, பொரோதினோ போருக்குச் சற்று முன் நடந்த சண்டையில் பட்ட காயத்தில் இறந்தவர். தாத்தா கிரிமியப் போரில் தகன்ரோக் நகரைக் காத்தவர். அப்பாவும் ஜெனரல். ஆனால் இவர் பிறந்தது 1869இல், பீட்டர்ஸ்பர்கில். தலைநகரில் படிப்பு, தலைநகரிலேயே காவல் படையில் வேலை. டான் அவருக்கு முதலிலிருந்தே பாதி ஊர், பாதி கதை.

எழுதும் பழக்கமும் சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்டது. 1897இல் ரஷ்யத் தூதுக்குழு ஒன்று அபிசீனியாவுக்கு (இன்றைய எத்தியோப்பியா) போனபோது அதன் கொசாக் காவல் பிரிவுக்குத் தலைமை தாங்கிப் போனார். பேரரசர் மெனலிக்கின் முன்னால் கொசாக்குகள் ஓடும் குதிரையின் மேல் சாகசம் காட்டினார்கள். திரும்பி வந்ததும் அதைப் புத்தகமாக எழுதிவிட்டார். பிறகு மஞ்சூரியா, சீனா, ஜப்பான், இந்தியா என்று ஆசியா முழுக்க ஒரு சுற்று, அதற்கும் புத்தகம். ருஷ்ய ஜப்பானியப் போருக்கு நிருபராகவே போனார். வாளைக் கழற்றி வைத்ததும் பேனாவை எடுக்கும் மனிதர்.

1917 நவம்பரில் போல்ஷெவிக்குகள் பீட்டர்ஸ்பர்கைப் பிடித்தபோது, தப்பி ஓடிவந்த பிரதமர் கெரென்ஸ்கிக்குக் கைகொடுத்தவர் இவர்தான். விரும்பிச் செய்ததில்லை, கெரென்ஸ்கியை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. கையில் இருந்தது சில நூறு கொசாக்குகள். அதை வைத்துக்கொண்டு தலைநகரை மீட்கக் கிளம்பி, கத்சினாவைத் தாண்டி ஜார்ஸ்கொயே செலோ வரை போய்விட்டார். புல்கோவோ மேட்டில் கதை முடிந்தது. கொசாக்குகள் எதிர்த்தரப்போடு சமாதானம் பேச உட்கார்ந்தார்கள். கெரென்ஸ்கி மாலுமி வேஷத்தில் நழுவினார். கிராஸ்னோவ் பிடிபட்டு, பிறகு விடப்பட்டார். இனிப் புரட்சிக்கு எதிராக ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் வெளியே வந்தார் என்று சோவியத் தரப்பு கடைசிவரை சொன்னது. அப்படி ஒரு வாக்கே இல்லை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. எப்படியோ, ஆள் டானுக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

1918 மே மாதம் நோவோசெர்காஸ்கில் கூடிய கொசாக் பேரவை அவரை அத்தமானாகத் தேர்ந்தெடுத்தது. ஜார் காலச் சட்டங்களைத் திரும்பக் கொண்டுவந்து, அத்தமான் கையில் ஏறக்குறைய எல்லா அதிகாரத்தையும் குவிக்கும் ஒரு சட்டத்தொகுப்பை முன்வைத்தார். இதில் எதையாவது மாற்றச் சம்மதிப்பீர்களா என்று ஒருவர் கேட்டாராம். ஓ, தாராளமாக, கொடியையும் சின்னத்தையும் கீதத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்றாராம் கிராஸ்னோவ். சிவப்பு தவிர எந்தக் கொடியும் சரி. சர்வதேசிய கீதம் தவிர எந்தப் பாட்டும் சரி. யூதர்களின் ஐந்துமுனை நட்சத்திரம் தவிர எந்தச் சின்னமும் சரி. சபை சிரித்து ஓய்ந்ததாக அவரே தன் நினைவுக் குறிப்பில் பெருமையாக எழுதியிருக்கிறார். ஐந்துமுனை நட்சத்திரம் யூதர்களுடைய சின்னமே இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். போகிறபோக்கில் விழும் இந்த யூத வெறுப்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், 1941இல் இது சிரிப்பாக இருக்காது.

அத்தமான் ஆன நேரத்தில் கையில் படை இருந்தது, ஆயுதம் இல்லை. ரோஸ்தோவில் ஜெர்மன்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்படித்தான் கோதுமைக்குத் துப்பாக்கி வந்தது. வந்ததில் ஒரு பங்கைத் தெற்கே போல்ஷெவிக்குகளோடு போரிட்ட ஜெனரல் டெனிகினின் தன்னார்வப் படைக்கும் அனுப்பினார். டெனிகின் தரப்புக்கு ஜெர்மானியர் இன்னும் எதிரி. மூன்றரை வருஷம் சண்டை போட்டவனிடம் கைநீட்டுகிறாயே என்று ஏசினார்கள். அனுப்பிய தோட்டாக்களை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அதற்குக் கிராஸ்னோவ் கொடுத்த பதில் பிரசித்தம். ஆமாம் ஐயா, தன்னார்வப் படை தூய்மையானது, களங்கமற்றது. ஜெர்மன் குண்டுகளை என் அழுக்குக் கைகளால் வாங்கி, டான் நதியின் அலையில் கழுவி, சுத்தமாக்கி உங்களிடம் தருபவன் இந்த டான் அத்தமான்தான். இந்தக் காரியத்தின் அவமானம் முழுக்க என் தலையில்தான்.

எனக்கு இந்தப் பதில் பிடிக்கும். அந்த வருஷத்து நெருக்கடியில் அவர் செய்ததில் நியாயமும் இருந்தது. பக்கத்தில் வேறு யாரும் ஆயுதம் தர இல்லை, நேசநாடுகள் கருங்கடலுக்கு வந்து சேர ஜெர்மனி தோற்க வேண்டியிருந்தது. கைசருக்குப் போன கடிதம் மட்டும் வேறு ரகம். டானைத் தனி நாடாக ஒப்புக்கொள்ளுங்கள், பக்கத்து நகரங்களான சாரிட்சினையும் வரோனெஷையும் எங்களோடு சேர்க்க உதவுங்கள், வியாபாரத்தில் உங்களுக்குத்தான் முன்னுரிமை என்று போகிறது அது. துப்பாக்கி வாங்குவது ஒன்று, காப்பாளனைத் தேடுவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்போதுமே தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சாரிட்சினைப் பிடிக்கத் திரும்பத் திரும்ப முயன்றார், முடியவில்லை. எதிரே ஸ்டாலினும் செம்படைத் தளபதி வரஷீலவும் இருந்தார்கள் என்பதால் அந்தத் தோல்வி பிற்காலத்தில் சோவியத் புராணமாகவே ஆகிவிட்டது. டான் எல்லையைத் தாண்டிப் போரிட கொசாக்குகளுக்கே விருப்பமில்லை. எங்கள் நிலத்தைக் காப்போம், மாஸ்கோ யாருக்கு வேண்டும் என்ற மனநிலை. நவம்பரில் ஜெர்மனி சரணடைந்தது. காப்பாளன் போனான். 1919 ஜனவரியில் மேல் டான் ரெஜிமென்ட்டுகள் களத்தை விட்டு வீட்டுக்குப் போய்விட்டன. அதாவது, அவருடைய பூர்வீக மண்ணே போர்முனையைத் திறந்துவிட்டது. அதே மாதம் 24ஆம் தேதி போல்ஷெவிக் தலைமை கொசாக்குகளை ஈவிரக்கமின்றி ஒடுக்கச் சொல்லி ஒரு ரகசிய உத்தரவு போட்டது. திறந்த கதவு வழியாக என்ன வந்தது என்பது மேல் டான்காரர்களுக்குச் சில வாரங்களில் தெரிந்தது. மார்ச்சில் அவர்களே கிளர்ந்தெழுந்தார்கள். அதற்குள் கிராஸ்னோவ் பதவி விலகியிருந்தார். பிப்ரவரியிலேயே டெனிகினின் கை ஓங்கிவிட்டது, பேரவை இவருடைய தளபதிகள்மேல் நம்பிக்கை இல்லை என்றது, இவர் கிளம்பிவிட்டார். மறுபடி அவர் டான் நதியைப் பார்க்கவே இல்லை.

கொஞ்ச நாள் பால்டிக் பக்கம் போல்ஷெவிக்குகளை எதிர்த்த ஜெனரல் யுதேனிச்சின் படையோடு இருந்தார். அங்கே ஒரு பத்திரிகை நடத்தினார்கள். கிராஸ்னோவ் மேற்பார்வை, ஆசிரியர் நாவலாசிரியர் குப்ரின். படை தோற்றது, பத்திரிகையும் போயிற்று.

பிறகு ஜெர்மனி, பிரான்ஸ். இங்கேதான் அவர் உண்மையிலேயே பிரபலமானார். 1921இல் பெர்லினில் வெளியான அவருடைய மிகப் பெரிய நாவல், ஜார் காலத்திலிருந்து புரட்சி வரை ஒரு அதிகாரியின் வாழ்க்கையைச் சொல்வது, பல ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. அகதி ஜெனரல்கள் பாரிஸில் டாக்ஸி ஓட்டிய காலத்தில் இவர் பேனாவால் சம்பாதித்துச் சாப்பிட்டார். 1926இல் பிராகில் இருந்த ஒரு பேராசிரியர் இவரை இலக்கிய நோபலுக்கே முன்மொழிந்தார். பரிசு இத்தாலியின் கிராட்சியா தெலெத்தாவுக்குப் போனது.

ஆனால் அந்தப் பெரிய நாவலைவிட 1922இல் எழுதிய இன்னொன்றுதான் மனிதரைக் காட்டிக்கொடுக்கிறது. அதில் ரஷ்யா பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் அழிந்து, எல்லை முழுவதும் முள்செடி மண்டி, உலகம் அப்படி ஒரு நாடு இருந்ததையே மறந்துவிடுகிறது. சில அகதிகள் அந்த முட்புதரைக் கடந்து உள்ளே போகிறார்கள். போனால், உள்ளே ஜார் இருக்கிறார். தேவாலய மணி அடிக்கிறது, விவசாயி பணிவாக இருக்கிறான், எல்லோரும் தாடி வைத்துக்கொண்டு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். கிராஸ்னோவ் இதைக் கேலியாக எழுதவில்லை, மனப்பூர்வமாக எழுதியிருக்கிறார். ஊரை இழந்தவன் மனதில் ஊரைக் கட்டிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் நாலு நாவலுக்குப் பிறகு தான் கட்டியது எது, இருந்தது எது என்பது குழம்பிவிடும்போல. நிஜமான டானில் 1919 ஜனவரியில் அவருடைய கொசாக்குகளே அவரைக் கைவிட்டார்கள். நாவல் டானில் அப்படி யாரும் இல்லை.

1936இல் மறுபடி ஜெர்மனிக்குக் குடிபோனார், பெர்லின் பக்கம் ஒரு கிராமத்துக்கு. ஹிட்லர் ஆண்ட ஜெர்மனி அது. 1941 ஜூன் 22இல் ஜெர்மன் படை சோவியத் எல்லையைக் கடந்ததும், 71 வயது கிராஸ்னோவ் ஓர் அறிக்கை விட்டார். இந்தப் போர் ரஷ்யாவுக்கு எதிரானதில்லை, கம்யூனிஸ்டுகளுக்கும் யூதர்களுக்கும் எதிரானது, ஹிட்லருக்கும் ஜெர்மன் ஆயுதத்துக்கும் ஆண்டவன் துணை நிற்கட்டும். 1918இன் பேரத்தையே மறுபடி போடுவதாக அவர் நினைத்திருக்கலாம். எதிரே இருந்தது கைசர் இல்லை. கோதுமைக்குத் துப்பாக்கி தருகிறவர்கள் இல்லை இவர்கள், கோதுமையையும் எடுத்துக்கொண்டு விளைவித்தவனையும் பட்டினி போட வந்தவர்கள். பெர்லின் பக்கத்திலேயே வாழ்ந்தவருக்கு ஆட்சி எப்படிப்பட்டது என்று தெரியாது என்று சொல்ல முடியாது. 1918இல் இவரை ஏசிய அதே டெனிகின் அப்போது பிரான்சில் வறுமையில் இருந்தார். அவரையும் ஜெர்மானியர் அணுகினார்கள், மறுத்துவிட்டார். ஆக, போல்ஷெவிக்குகளிடம் தோற்று அகதியான வெள்ளை ஜெனரலுக்கு வேறு வழியே இல்லை என்ற வாதம் என்னிடம் எடுபடவில்லை.

1943 நவம்பர் 10இல் ஜெர்மன் அரசு கொசாக்குகளுக்கு ஒரு வாக்குறுதி வெளியிட்டது. உங்கள் பழைய உரிமைகள், நிலம் எல்லாம் உங்களுக்கே. போர் நிலைமையால் ஊருக்குத் திரும்ப முடியாவிட்டால், தற்காலிகமாக வேறு இடத்தில் நிலம் தருவோம். 1944இல் கொசாக் படைகளின் தலைமை நிர்வாகம் என்று ஒன்றை பெர்லினில் அமைத்து கிராஸ்னோவை அதன் தலைவராக்கினார்கள். வேறு இடம் எது? வடக்கு இத்தாலியின் மலைநாடான கார்னியா. அந்தக் கோடையில்தான் அங்கே இத்தாலியக் கெரில்லாக்கள் ஜெர்மானியரை விரட்டிவிட்டுச் சுதந்திரப் பகுதி அறிவித்திருந்தார்கள். அவர்களை ஒடுக்கவும் கொசாக்குகளைக் குடியேற்றவும் ஒரே ஏற்பாடு. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தார்கள்.

இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள். வீரர்கள் மட்டுமல்ல, கிழவர்கள், பெண்கள், குழந்தைகள், வண்டிகள், ஆயிரக்கணக்கில் குதிரைகள், சில ஒட்டகங்கள். ஸ்டாலின் ஆட்சியில் நிலம் பறிபோய், பஞ்சத்தில் குடும்பத்தை இழந்து, ஜெர்மன் படை பின்வாங்கியபோது கூடவே கிளம்பிய டான், குபான் மக்கள் அவர்களில் ஏராளம். மலைக் கிராமத்து வீடுகளில் சொந்தக்காரர்களை ஒரு அறைக்குள் தள்ளிவிட்டு இவர்கள் தங்கினார்கள். சில ஊர்களை முழுசாகவே காலி செய்தார்கள். அலெஸ்ஸோ என்ற ஊரின் ஜனங்களை வெளியேற்றிவிட்டு அதற்கு நோவோசெர்காஸ்க் என்று பெயர் வைத்தார்கள். டான் தலைநகரின் பெயர். குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த வைக்கோலைக் கொசாக் குதிரைகள் தின்றுவிட்டன, பசுவுக்கு எதுவும் மிஞ்சவில்லை. கொள்ளை, பாலியல் வன்முறை, கொலை எல்லாம் நடந்தன. அலெஸ்ஸோவை விட்டுப்போன குடும்பங்களுக்கும், 1919இல் மேல் டானில் உத்தரவைப் பார்த்து நடுங்கிய குடும்பங்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

1945 பிப்ரவரியில் கிராஸ்னோவ் மனைவி லிதியாவோடு கார்னியாவுக்கு வந்தார். வெர்ட்ஸென்யிஸ் ஊரில் ஒரு சின்ன ஹோட்டலில் தங்கினார். ராணுவப் பள்ளி, பத்திரிகை, தேவாலயம், அத்தமான்கள், அணிவகுப்பு. எல்லாம் நாவலில் இருந்தபடியே. கிழக்கே செம்படை வியன்னாவை நெருங்கிக்கொண்டிருந்தபோது இவர் இளம் அதிகாரிகளுக்கு கொசாக் வரலாறு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இந்த இரண்டரை மாதக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் கோபமும் பரிதாபமும் சேர்ந்தே வருகின்றன. இரண்டில் கோபம் ஒரு பிடி கூட.

மே மாதத் தொடக்கத்தில் எல்லோரும் பனி கொட்டும் கணவாய் வழியாக ஆஸ்திரியாவுக்குள் இறங்கி, லியென்ஸ் நகரை ஒட்டி த்ராவ் பள்ளத்தாக்கில் பிரிட்டிஷாரிடம் சரணடைந்தார்கள். (அந்தப் பின்வாங்கலில் கொல்லப்பட்டுக் கார்னியாவிலேயே புதைக்கப்பட்ட ஒரு கொசாக் அதிகாரி கிராஸ்னோவ்தான் என்று உள்ளூரில் வெகுகாலம் நம்பினார்கள். கதைகட்டியவரைப் பற்றியே ஒரு கட்டுக்கதை.) கிராஸ்னோவ் நிம்மதியாகவே இருந்தார். பிரிட்டிஷ் தளபதி ஃபீல்டு மார்ஷல் அலெக்சாண்டர் 1919இல் பால்டிக்கில் செம்படைக்கு எதிராகச் சண்டை போட்டவர், யுதேனிச் கையால் ரஷ்யப் பதக்கம் வாங்கியவர். பழைய தோழன் கைவிட மாட்டான் என்று நம்பி அவருக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

மே 28ஆம் தேதி, அதிகாரிகள் எல்லோரும் ஃபீல்டு மார்ஷலோடு ஒரு கூட்டத்துக்கு வர வேண்டும் என்று சொல்லி லாரிகளில் ஏற்றினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். சாயங்காலம் வந்துவிடுவேன் என்று லிதியாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார் கிராஸ்னோவ். கூட்டம் என்று எதுவும் இல்லை. ஸ்பிட்டால் முகாமில் அடைத்து, நாளைக்கு உங்களை சோவியத்திடம் ஒப்படைக்கிறோம் என்றார்கள். இரவெல்லாம் கிராஸ்னோவ் பிரெஞ்சில் மனு எழுதினார். எங்களில் குற்றவாளி யாராவது இருந்தால் சர்வதேச நீதிமன்றம் விசாரிக்கட்டும் என்று. சிலர் அன்றிரவே தற்கொலை செய்துகொண்டார்கள். மறுநாள் யூடன்பர்கில் மூர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அத்தனை பேரையும் கொடுத்துவிட்டார்கள். ஜூன் 1இல் லியென்ஸ் முகாமில் மீதமிருந்த குடும்பங்களை, திறந்த வெளியில் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே, துப்பாக்கிக் கட்டையால் அடித்து லாரியில் ஏற்றினார்கள். குழந்தையோடு ஆற்றில் குதித்த பெண்கள் உண்டு.

நேசநாடுகள் 1945இல் செய்துகொண்ட யால்டா ஒப்பந்தம் சோவியத் குடிமக்களைத் திருப்பி அனுப்பச் சொன்னது. 1920லேயே வெளியேறிய கிராஸ்னோவ் ஒருநாளும் சோவியத் குடிமகனாக இருந்ததில்லை. ஒப்படைப்பதற்கு ஒப்பந்தத்தில் இடமே இல்லை, ஆனாலும் ஒப்படைத்தார்கள். பொய் சொல்லி ஒப்படைத்தார்கள். அவர் குற்றவாளி என்பது இதை நியாயமாக்காது. லியென்ஸின் கொடுமையைக் காட்டி அவரைத் தியாகியாக்குகிறவர்களும் நிறையப் பேர். அவர்கள் அலெஸ்ஸோ பக்கம் வாயைத் திறப்பதே இல்லை.

மாஸ்கோவின் லுபியாங்கா சிறையில் ஜூன் 4ஆம் தேதி, குளிக்கும் அறையில் ஒரு சந்திப்பு. கிராஸ்னோவின் சகோதரர் வழிப் பேரன் நிகொலாயும் யூடன்பர்கில் ஒப்படைக்கப்பட்டவர். கிழவரைக் குளிப்பாட்ட அவரைக் கூட்டி வந்தார்கள். 75 வயது உடம்புக்குச் சோப்புப் போட்டு முதுகு தேய்த்துவிட்டார். காவலர் கொஞ்சம் விட்டுக்கொடுத்த அந்த நேரத்தில் கிழவர் பேசினார். நீ இளைஞன், பிழைத்துக்கொள்வாய். எல்லாவற்றையும் மனதில் எழுதிக்கொள், பிறகு உலகத்துக்குச் சொல். மிகைப்படுத்தாதே, பொய் கலக்காதே. முள்செடிக்குப் பின்னால் ஒரு நாட்டையே கற்பனை செய்தவர் சொன்ன அறிவுரை இது. நிகொலாய் பத்து வருஷம் முகாம்களில் கிடந்து, 1955இல் விடுதலையாகி, சுவீடன் வழியாக அர்ஜென்டினா போய்ச் சேர்ந்து, தான் கண்டதை எழுதி வெளியிட்டார். 1959இல் இறந்துவிட்டார்.

1947 ஜனவரியில் மாஸ்கோவில் ராணுவ நீதிமன்றம். உல்ரிக் தலைமை, முப்பதுகளின் பெரிய வழக்குகளில் மரண தண்டனைகளை வாசித்த அதே உல்ரிக். ஜனவரி 16ஆம் தேதி கிராஸ்னோவையும், ஜெர்மனியோடு சேர்ந்த மற்றத் தளபதிகளான ஷ்குரோ, தொமானவ், கிலிச் கிரேய், சிம்யோன் கிராஸ்னோவ், கொசாக் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கிய ஜெர்மானியர் பன்விட்ஸ் ஆகியோரையும் தூக்கில் போட்டார்கள். கிராஸ்னோவுக்கு 77 வயது. லிதியா 1949இல் காலமானார்.

சோவியத் யூனியன் கலைந்த பிறகு வழக்கு மறுபடி எழுந்தது. 1997இல் ரஷ்ய உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்து அவர் பெயரை மீட்க முடியாது என்றது. 2008இல் டான் கொசாக் அமைப்பிலிருந்தே ஒரு முயற்சி. அத்தமான்கள் கூடி, ஹிட்லரோடு சேர்ந்தவருக்கு முடியாது என்று கைவிட்டார்கள். டான் பகுதி ஊரான எலன்ஸ்கயாவில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் அவருக்குச் சிலை வைத்ததும் அரசு வழக்கறிஞர்கள் வரை புகார் போனது. டெனிகின் உடலை 2005இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து, மாஸ்கோவின் டான்ஸ்கோய் மடத்தில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.